மதுவும் தொந்தியும்: கல்லீரலின் இரட்டைச் சுமை

(சுகாதார அலுவலர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



“ஈரல் கெடுவது மொடாக் குடியர்களுக்கு, நான் அளவோடுதான் அருந்துகிறேன்” என்று சொல்லாத மது அருந்துவோர் அரியர். அந்த அளவு எவ்வளவு என்பதை முதலில் பார்ப்போம்.

நம் நாட்டில் விற்கப்படும் பிராந்தி, விஸ்கி, ரம் ஆகியவற்றில் பொதுவாகக் கன அளவில் 42.8 சதவீதம் ஆல்கஹால் உண்டு. 180 மில்லிலிட்டர் கொண்ட ‘குவார்ட்டர்’ புட்டியில் இது சுமார் 60 கிராம். 8 சதவீத பீர் 650 மில்லிலிட்டர் அருந்தினால் சுமார் 40 கிராம். பீர்தானே என்று ஆறுதல் கொள்வதற்கில்லை.

ஆல்கஹாலைச் சிதைக்கும் பணி பெரும்பாலும் கல்லீரலைச் சார்ந்தது. அப்பணி நடைபெறுகையில் கொழுப்பை எரிப்பது தடைப்படுகிறது. புதிய கொழுப்பு உருவாவது மிகுகிறது. நாள்தோறும் மிகுதியாக அருந்துவோரில் பெரும்பாலோருக்கு ஈரலில் கொழுப்பு படிந்துவிடுகிறது. எனினும், அவர்களுள் சிலருக்கே ஈரல் சுருங்கும் நிலை ஏற்படுகிறது. ஒரே அளவு அருந்திய இருவரில் ஒருவர் மட்டும் வீழ்வானேன்?

ஸ்காட்லாந்தில் 9,559 ஆடவரைச் சராசரியாக 29 ஆண்டுகள் கவனித்த ஆய்வின் முடிவு 2010-இல் வெளியாயிற்று. வாரத்துக்கு 120 கிராமும் அதற்கு மேலும் அருந்தியோரை, மது அருந்தாத, பருமனற்ற ஆடவரோடு ஒப்பிட்டனர். அருந்தியோருள் பருமனற்றவர்கள் ஈரல் நோயால் இறக்கும் வாய்ப்பு சுமார் 3 மடங்கு. எடை சற்று மிகுந்தவர்களுக்கு 7 மடங்கு. மிகப் பருமனானவர்களுக்கோ ஏறத்தாழ 19 மடங்கு! 120 கிராம் என்பது நம் கணக்கில் வாரத்துக்கு இரண்டே குவார்ட்டர். மதுவும் பருமனும் சேரும்போது தீங்கு வெறும் கூட்டலாக நில்லாமல் பெருகுகிறது.

நீரிழிவும் இவ்வாறே தீங்கை மிகுவிப்பது. புகைத்தல், ஹெப்படைட்டிஸ் பி, சி கிருமிகள், பரம்பரைக் கூறு ஆகியவையும் உண்டு. பரம்பரையை நாம் மாற்ற இயலாது.

2021-இல் மத்திய அரசு, மதுசாராக் கொழுப்பு ஈரல் நோயைத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் இணைத்தது. வரவேற்கத்தக்க செயலே. ஆனால் ‘மதுசாராத’ என்ற சொல்லில் ஓர் இடர் இருந்தது. மது அருந்துவதாகச் சொன்னவருக்கு அறிவுரை கூறி அனுப்பிவிடுகிறோம். அவருடைய இடுப்பை யாரும் அளப்பதில்லை. நீரிழிவுக்காரரிடமோ மதுவைப் பற்றிக் கேட்கக் கூசுகிறோம். 2023-இல் உலக ஈரல் மருத்துவச் சங்கங்கள், இரு காரணங்களும் சேர்ந்த நிலைக்கு ஆடவருக்கு வாரத்துக்கு 210 முதல் 420 கிராம் வரை என வரையறுத்துத் தனிப் பெயரே வைத்துவிட்டன.

ஆகவே களத்தில் இரண்டையும் கேளுங்கள், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆடவருக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனம் தேவை. வலி இல்லை என்ற பதிலை நம்பிவிட வேண்டாம். கொழுப்பு படிந்த ஈரல் பெரும்பாலும் வலிப்பதில்லை. மதுவை அறவே விட்டால் மதுவால் படிந்த கொழுப்பு சில வாரங்களிலேயே கரையத் தொடங்கும் என்பதையும் சொல்லுங்கள். நாள்தோறும் மிகுதியாக அருந்துபவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும். அவரை முதலில் மருத்துவரிடம் அனுப்புங்கள்.