பழைய பாட்டும் புதிய பாட்டும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு பாட்டின் விஷயமாகும். எனக்குச் சங்கீத ஞானம் கிடையாது. ஆனால் ஒரு பாட்டு தேசத்தின் பேரால், அதாவது உங்கள் பேராலும் என் பேராலும் பாடப்படுமானால், அதைப் பரிசோதித்துப் பார்க்க நமக்கு உரிமை உண்டு. அதற்கு ராக தாளம் தெரிந்திருக்க வேண்டுமென்பதில்லை.

1988-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி, டில்லி செங்கோட்டையில் பிரதம மந்திரி பேசி முடித்த பிறகு, தூர்தர்ஷனில் 'மிலே சுர் மேரா தும்ஹாரா' என்ற பாட்டுப் படம் காட்டப்பட்டது. 6 நிமிஷம், 14 பாஷைகள். பீம்சேன் ஜோஷி துவக்கினார். தமிழ்ப் பகுதியைப் பாலமுரளி கிருஷ்ணா பாடினார். 2010-ம் வருஷம் ஜனவரி 26-ல் ஒரு தனியார் டெலிவிஷன் கம்பெனி அதையே புதுப்பித்து 16 நிமிஷப் படமாக வெளியிட்டது. பழையதை எடுத்த கைலாஷ் சுரேந்திரநாத்தே புதியதையும் எடுத்தார். ஆனாலும் பார்த்தவர்களில் அநேகர், "பழையதற்கு இது ஈடாகாது" என்று சொல்லிவிட்டார்கள்.

ஏன் ஈடாகாது? பழையது என்பதாலா? அப்படியானால் அந்த அபிப்பிராயத்திற்கு மதிப்பில்லை. பாட்டன் சொன்னதே வேதம் என்கிறவனுக்கும், சிறு வயதில் கேட்டதே பாட்டு என்கிறவனுக்கும் என்ன வித்தியாசம்? வேறு காரணம் இருந்தால் சொல்ல வேண்டும்.

விளம்பரக்காரர்கள் கெடுத்துவிட்டார்கள் என்பார்கள் சிலர். அதுவும் நிற்காது. பழைய பாட்டை எழுதிய பியூஷ் பாண்டேயும் விளம்பரக் கம்பெனிக்காரர்தானே!

உண்மையான காரணம் வேறு. பழைய படத்திலும் சினிமாக்காரர்கள் இருந்தார்கள். அமிதாப் பச்சன் இருந்தார், நம் கமல்ஹாசன் இருந்தார். ஆனால் அவர்கள் பக்கத்திலேயே யானைமேல் பாகன் இருந்தான். கல்கத்தாவில் பூமிக்கடியில் ஓடும் ரயிலிலிருந்து இறங்கும் ஜனங்கள் இருந்தார்கள். பாகனுக்கும் நட்சத்திரத்திற்கும் கிடைத்தவை சில விநாடிகளே. பேர் தெரியாதவனும் இந்தத் தேசத்தில் ஒரு பங்காளி என்பதைப் பிரசங்கம் செய்யாமலே அது காட்டிற்று.

புதியதில் 10 நிமிஷம் கூடிற்று. அந்த நேரம் யாருக்குப் போயிற்று? பெரும்பாலும் சினிமா நட்சத்திரங்களுக்கே போயிற்று. ஜனங்கள் பாடகராயிருந்த நிலை போய், வேடிக்கை பார்ப்பவராய் ஆனார்கள். நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். காது கேளாத குழந்தைகள் சைகை பாஷையில் பாடும் இடமொன்று புதியதில் இருக்கிறது. பழையவர்களுக்குத் தோன்றாத நல்ல யோசனை அது. ஆகவே குற்றம் புதுமையில் இல்லை.

பாஷைக் கணக்கையும் பாருங்கள். 1988-ல் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் 15 பாஷைகள் இருந்தன. பாட்டில் வந்தவை 14. விடுபட்டது எது? சமஸ்கிருதம்! அதைக் காணோமே என்று வீதியில் யாராவது தேடினார்களா? ஜனங்கள் வீட்டில் பேசும் பாஷையில் பாடினால் அதுவே போதும் என்று விளங்கவில்லையா?

ஆனால் பழையதிலும் குறையுண்டு. துவக்கமும் இந்தி, முடிவும் இந்தி; மற்ற பாஷைகள் நடுவில் வந்து போகும் விருந்தாளிகள். எல்லோர் சுரமும் சேர வேண்டுமென்றால், ஒருவர் சுரமே தலையும் வாலுமாக இருப்பானேன்? பிடித்த பாட்டென்பதற்காக இதைக் கேட்காமல் விடலாமா?

தோழர்களே! பாட்டினால் ஒற்றுமை வந்துவிடாது. ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாதவனும் அந்தப் பாட்டுக்குத் தலையாட்டியிருப்பான். சமத்துவம் இருந்தால் பாட்டில்லாமலே ஒற்றுமை வரும். ஆகையால் இனி தேசத்தின் பேரால் எந்தப் பாட்டு வந்தாலும், "இதில் நான் எங்கே? என் பக்கத்து வீட்டுக்காரன் எங்கே?" என்று கேளுங்கள். பிறகு தாளம் போடுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.