கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு எத்தனை மணி நேரம்?

சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணிபுரியும் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் நண்பர் ஒருவருக்கு, விடியற்காலை நான்கு மணிக்குத் தமிழ்நாட்டிலிருந்து செய்தி வந்தது. அவருடைய அக்காள் காலமாகிவிட்டார். "மாலை நாலு மணிக்கு எடுக்கிறோம், மாமா" என்றான் அக்காள் மகன்.

நோயுற்றிருந்த அக்காளைப் பார்க்க நண்பர் முன்பே விசா வாங்கி வைத்திருந்தார். காலை 10 மணிக்கு விமானம் இருந்தது. நம் வீட்டுக்கு வந்து விரல்விட்டு எண்ணினார். "பத்துக்குப் புறப்பட்டால் இரண்டு மணிக்குச் சென்னை. வெளியே வர ஒரு மணி நேரம். ஊர் போய்ச் சேர இரண்டரை மணி நேரம். ஐந்தரை ஆகிவிடும். முகத்தைக்கூடப் பார்க்க முடியாதே, வாத்தியாரே!" என்றார். நாமும் ஆமென்று தலையசைத்தோம். அவர் போகவில்லை.

அந்தக் கணக்கில் இருந்த பிழை என்ன?

சிப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திற்கும் சென்னை விமான நிலையத்திற்கும் இடையே சுமார் 2,600 கிலோமீட்டர் தூரம். பறக்கும் நேரம் ஏறக்குறைய நான்கு மணி. இதுவரை சரி. ஆனால், இங்கு காலை 10 மணி அடிக்கும்போது சென்னையில் காலை 7.30 தான். ஆகவே 10 மணிக்குப் புறப்படும் விமானம், சென்னைக் கடிகாரப்படி 11.30க்கே இறங்கிவிடும். நண்பர் பிற்பகல் 3 மணிக்கு ஊரில் இருந்திருப்பார்.

இந்த வேறுபாடு எப்படி வந்தது? பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், கிழக்கே உள்ள நமக்குச் சூரியன் முந்தி உதிக்கிறது. ஒரு தீர்க்கரேகைக்கு நான்கு நிமிடம் கணக்கு. இந்தியா 82½ பாகைக் கிழக்கு ரேகையின் நேரத்தை வைத்துக்கொண்டது. தீபகற்ப மலேசியாவோ, சபா சரவாக்கோடு ஒரே நேரம் இருக்கவேண்டுமென்று, 1982 ஜனவரி முதல் நாள் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி, 120 பாகை ரேகையின் நேரத்திற்கு மாறியது. இடைவெளி 37½ பாகை. நான்கால் பெருக்கினால் 150 நிமிடம், அதாவது இரண்டரை மணி.

திரும்பும்போது கணக்கு தலைகீழ். நள்ளிரவு 12 மணிக்குச் சென்னையில் விமானம் ஏறினால், இங்கு இறங்கும்போது காலை 6.30. நான்கு மணிக்கே வந்துவிடலாம், பெரட்டுக்குப் போய்விடலாம் என்று எண்ணுகிறவர் ஒரு நாள் சம்பளத்தை இழப்பார்.

பயணச் சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம். சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். தொலைபேசியில் யாரேனும் மணி சொன்னால், "அது உங்க நேரமா, எங்க நேரமா?" என்று முதலில் கேளுங்கள்.

நண்பர் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனார். சீட்டில் "புறப்பாடு 10.00, வருகை 11.30" என்று இருந்ததை நம்மிடம் காட்டினார். ஒன்றும் பேசவில்லை. கணக்குச் சொல்லிக் கொடுக்கும் நமக்கும் அன்று பேச வாய் வரவில்லை.