எபிசோட் 37: காந்திக்கு ஏன் நோபல் கொடுக்கல?

(ஒலி வடிவத்திலிருந்து படிப்பதற்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது)

கோவில்பதாகையில எங்க வீட்டு மாடி ரூம்ல உட்கார்ந்து பேசுறேன். ஜன்னலைச் சாத்தியிருக்கேன். அதையும் மீறி வண்டிச் சத்தம் வந்தா பொறுத்துக்கோங்க.

இன்னைக்குப் பேசப்போறது உலக அமைதி விருதுகளைப் பத்தி. ஆவடிப் பக்கத்துல இருந்து இதைப் பேசுறதே ஒரு வேடிக்கைதான், எங்க ஊருக்குப் பக்கத்துலதான் ராணுவத்துக்கு டாங்கி செய்யற தொழிற்சாலை இருக்கு. ஆனா அமைதிப் பரிசுக்குப் பணம் வச்சுட்டுப் போன ஆல்ஃபிரட் நோபலே டைனமைட் கண்டுபிடிச்சவர்தானே.

இந்த விஷயம் என் மனசுல வந்ததுக்கு ஒரு காரணம் இருக்கு. போன காலாண்டுல எங்க ஆபீஸ்ல விருது யாருக்குன்னு முடிவு பண்ண மூணு பேர் கொண்ட குழு போட்டாங்க. அதுல நானும் ஒருத்தன். ஒரு பையன் அழகா ஒரு டாஷ்போர்டு பண்ணி, பெரியவங்க முன்னாடி டெமோ காட்டியிருந்தான். மூணு பேரும் அவனுக்கே கொடுத்தோம். ரெண்டு நாள் கழிச்சுத்தான் எனக்கு உறைச்சது. அந்த மூணு மாசமும் ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தப்பல்லாம் எழுந்து சரி பண்ணது எங்க டீம்ல இருக்கற ஒரு அக்கா. அவங்க பேரு பட்டியல்லயே இல்ல. அவங்களுக்காக யாரும் ஃபார்ம் போடல.

நாங்க யார்கிட்டயும் காசு வாங்கல. வேண்டியவங்களுக்குக் கொடுக்கல. இருந்தும் தப்பான முடிவு எடுத்தோம். இதை மனசுல வச்சுக்கிட்டு காந்தி கதைக்கு வருவோம்.

காந்திக்கு நோபல் கிடைக்காததுக்கு "வெள்ளைக்காரன் தடுத்துட்டான்"னு நாம சுலபமா சொல்லிடுவோம். நோபல் பரிந்துரைகளை 50 வருஷம் ரகசியமா வச்சிருந்து, அப்புறம்தான் திறப்பாங்க. அப்படித் திறந்த ஆவணங்கள்ல, பிரிட்டன் கோபிச்சுக்கும்னு குழு யோசிச்சதுக்கு ஒரு தடயமும் இல்ல. அதுல இருந்தது வேற.

காந்தி பேரு 1937, 1938, 1939, 1947, 1948 ஆகிய ஐந்து ஆண்டுகளில் பரிந்துரைக்கப்பட்டது. மூணு தடவை இறுதிப் பட்டியல் வரைக்கும் வந்தது. 1937-ல் குழுவுக்கு அறிக்கை எழுதின நார்வே பேராசிரியர், காந்தியை மதிச்சாலும் சந்தேகத்தோடதான் எழுதினார். தென்னாப்பிரிக்காவுல இந்தியர்களுக்காக மட்டும்தானே போராடினார், அதைவிட மோசமா வாழ்ந்த கறுப்பின மக்களுக்காக இல்லையேன்னு கேட்டார். அது நியாயமான கேள்விதான்னு எனக்குத் தோணுது. இன்னைக்கு நாமளும் அதைக் கேட்கிறோம்.

1947 கதை வேற மாதிரி. செப்டம்பர் கடைசியில லண்டன் டைம்ஸ்ல ஒரு செய்தி வந்தது. பாகிஸ்தான்கிட்ட நியாயம் கிடைக்க வேற வழியே இல்லேன்னா இந்திய அரசு போருக்குப் போக வேண்டியிருக்கும்னு காந்தி பிரார்த்தனைக் கூட்டத்துல பேசினதா செய்தி. அது சரி, ஆனா முழுசு இல்லேன்னு காந்தி சொன்னார். தன்னோட அகிம்சை நம்பிக்கை மாறலேன்னும் அதே கூட்டத்துல அவர் பேசியிருந்தார். ஆனா ஆஸ்லோவுல இருந்த ஐந்து பேருக்குப் போய்ச் சேர்ந்தது பாதிதான். ரெண்டு பேர் காந்திக்கு ஆதரவு, மூணு பேர் எதிர்ப்பு. பரிசு குவேக்கர் அமைப்புகளுக்குப் போச்சு.

அடுத்த வருஷம் காந்தியைப் பரிந்துரைச்சவங்கள்ல அந்தக் குவேக்கர்களும் உண்டு! ஆனா 1948 ஜனவரி 30-ல் அவர் சுடப்பட்டார். இறந்தவருக்குக் கொடுக்கலாமான்னு குழு மாசக்கணக்கா யோசிச்சுது. அவர் எந்த அமைப்பையும் விட்டுட்டுப் போகல, உயிலும் எழுதல, பணத்தை யார்கிட்ட கொடுக்குறதுன்னு ஒரு சிக்கல். கடைசியில, உயிரோட இருக்கறவங்கள்ல தகுதியானவர் யாரும் இல்லேன்னு சொல்லி அந்த ஆண்டு யாருக்கும் கொடுக்கல. பதிமூணு வருஷம் கழிச்சு, 1961-ல், விமான விபத்துல இறந்துபோன ஐ.நா. பொதுச்செயலாளர் டாக் ஹாமர்ஷெல்டுக்கு அதே பரிசைக் கொடுத்தாங்க.

இதுல வில்லன்னு யாரும் இல்ல பாருங்க. ஆனா அவங்க உட்கார்ந்த இடத்துல இருந்து என்ன தெரிஞ்சுதோ அதுதான் அவங்களுக்கு உலகம். 1901-ல் தொடங்கின அமைதிப் பரிசு ஆசியாவுல ஒருத்தர் பேருக்கு வர 1973 ஆச்சு. அந்த வருஷம் வியட்நாமின் லெ டுக் தோவுக்கும் அமெரிக்காவின் ஹென்றி கிஸ்ஸிங்கருக்கும் சேர்த்துக் கொடுத்தாங்க. நாட்டுல அமைதி இன்னும் வரலேன்னு லெ டுக் தோ வாங்க மறுத்துட்டார். குழுவுல ரெண்டு பேர் ராஜினாமா பண்ணாங்க.

இப்போ நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். 1968 டிசம்பர் 25, கீழவெண்மணி. கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில எரிச்சுக் கொல்லப்பட்டாங்க. அதுக்கப்புறம் அந்தப் பகுதிக்குப் போய் வேலை செய்தவங்க கிருஷ்ணம்மாள் அம்மாவும் அவங்க கணவர் ஜெகந்நாதன் ஐயாவும். 1981-ல் உழுபவனின் நில உரிமை இயக்கத்தை, அதாவது லாஃப்டியைத் தொடங்கினாங்க. நிலம் வச்சிருந்தவங்ககிட்ட பேசி, வங்கிக் கடனுக்கு ஏற்பாடு பண்ணி, ஆயிரக்கணக்கான தலித் குடும்பங்களுக்குப் பெண்கள் பேர்ல பட்டா வாங்கிக் கொடுத்தாங்க. பட்டினியும் பழிவாங்கலும் இருந்த இடத்துல இதைவிட அமைதி வேலை என்ன இருக்கு?

2008-ல் அவங்க ரெண்டு பேருக்கும் சுவீடன்ல இருந்து ரைட் லைவ்லிஹுட் விருது வந்தது. மாற்று நோபல்னு சொல்வாங்க. இதை ஆரம்பிச்சவர் ஜேக்கப் வான் யூக்ஸ்குல். அவர் முதல்ல நோபல் அமைப்புகிட்ட போய் புது விருது கேட்டு, அவங்க மறுத்ததால தன்னோட தபால்தலைச் சேகரிப்பை வித்து 1980-ல் இதைத் தொடங்கினார். முக்கியமான வித்தியாசம் இதுதான்: நோபல் அமைதிப் பரிசுக்கு எம்.பி.க்கள், அமைச்சர்கள், சில துறைப் பேராசிரியர்கள், முன்பு பரிசு வாங்கினவங்க மாதிரி சிலர்தான் பரிந்துரைக்கலாம். இதுக்கு யார் வேணும்னாலும் பரிந்துரைக்கலாம்.

அதனால, விருது நியாயமா கொடுக்கப்படுதான்னு என்கிட்ட கேட்டா, ஜெயிச்சவர் பேரை மட்டும் பார்த்தா அது தெரியாதுன்னுதான் சொல்வேன். பேரு எழுதிக் கொடுக்கற உரிமை யாருக்கு இருக்கு, குழு கையில எவ்வளவு தகவல் போய்ச் சேருது, இந்த ரெண்டையும் பாருங்க. நேர்மையான ஐந்து பேரைக்கூட பாதித் தகவல் தடுக்கி விழ வைக்கும். காந்திக்கு நோபல் இல்லாததால காந்தி குறையல. ஆனா நமக்குத் தெரியாமலேயே போன எத்தனையோ பேருக்கு, ஒரு விருது வந்திருந்தா கொஞ்சம் பாதுகாப்பும் கொஞ்சம் பணமும் கிடைச்சிருக்கும். அவங்களுக்குத்தான் அது நஷ்டம்.

ஆபீஸ் கதையை முடிச்சிடுறேன். அந்த அக்காகிட்ட போய், "சாரி அக்கா, உங்க பேரை நாங்க யோசிக்கவே இல்ல"ன்னு சொன்னேன். "பரவாயில்லப்பா, ராத்திரி ரெண்டு மணிக்கு யாரு பார்த்தா"ன்னு சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு எனக்கு ரெண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்துச்சு. இந்தக் காலாண்டுக்கு அவங்க ஃபார்மை நான்தான் நிரப்பினேன், சர்வர் விழுந்த தேதி, நேரம் எல்லாத்தையும் சேர்த்து. பரிந்துரை பண்றவனே தீர்ப்பும் சொல்லக்கூடாதுங்கறதால குழுவுல இருந்து விலகிட்டேன். முடிவு இன்னும் வரல.

உங்க ஆபீஸ்லயோ தெருவுலயோ அப்படி ஒருத்தர் இருப்பாங்க. அவங்க பேரை எங்கயாவது எழுதிக் கொடுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.