வீட்டுக் கணக்கும் வீட்டு அமைதியும்



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் வீட்டுப் பணம். பணத்தைத் தேடும் வழிகளைச் சொல்வோர் பலர் உளர். தேடிய பணத்தை வீட்டுக்குள் எவ்வாறு ஆள்வது, அதன்பொருட்டு எழும் பூசல்களை எவ்வாறு தணிப்பது என்பவற்றைப் பற்றியே நான் பேச விரும்புகிறேன்.

"இது பெரியவர்கள் காரியம் ஆயிற்றே, எங்களுக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நான் முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியிலே பணிபுரிந்தவன். படிப்பை இடையில் நிறுத்திவிட்ட பிள்ளைகளின் பெற்றோரை அழைத்துப் பேசுவது தலைமையாசிரியருக்குரிய கடமைகளுள் ஒன்று. அவ்வாறு பேசியபொழுதெல்லாம் நான் கண்டது இது: பாடம் ஏறாமையால் நின்றவர்கள் சிலர்; வீட்டிலே நிகழ்ந்த பணச் சண்டையால் நின்றவர்கள் அவர்களினும் மிகுதி. ஆகவே இது உங்கள் காரியமுமாகும்.

வறுமையினால்தான் வீடுகளில் சண்டை வருகிறது என்று பலரும் எண்ணுகின்றனர். வறுமை துன்பம் தருவது உண்மை. ஆயினும், குறைந்த வருவாயிலும் ஒற்றுமையாக வாழும் குடும்பங்கள் எத்தனையோ உள்ளன. நிறைந்த வருவாய் இருந்தும் அண்ணனும் தம்பியும் முகம் பாராத வீடுகளும் உள்ளன. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் யாது? வரவும் செலவும் கடனும் வீட்டார் அனைவருக்கும் தெரிந்திருக்கின்றனவா, ஒருவர் நெஞ்சுக்குள் மட்டும் மறைந்திருக்கின்றனவா என்பதே பெரும்பாலும் காரணம் என்பது என் கருத்து.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். அவள் பதினோராம் வகுப்பிலே படித்தவள், கணக்கிலே கெட்டிக்காரி. திடீரென நாற்பது நாள் பள்ளிக்கு வரவில்லை. விசாரித்தபொழுது செய்தி தெரிந்தது. பீரோவில் இருக்க வேண்டிய தாயின் ஆறு பவுன் சங்கிலி அங்கே இல்லை. அடகுக்கடைச் சீட்டுத்தான் இருந்தது. தாய் கோபித்துக்கொண்டு மகளுடன் பிறந்த வீட்டுக்குச் சென்றுவிட்டார். தந்தை அந்தப் பணத்தைச் சூதாடித் தோற்றாரா? இல்லை. தம்முடைய தாயாரின் அறுவை மருத்துவத்துக்காகச் செலவிட்டிருந்தார். "சொன்னால் வருத்தப்படுவாள் என்றுதான் சொல்லவில்லை, ஐயா" என்றார் அவர். "கேட்டிருந்தால் நானே கழற்றிக் கொடுத்திருப்பேனே, சார்" என்றார் அந்த அம்மையார். செலவு நியாயமானது, கொடுக்கும் மனமும் இருந்தது. இடையிலே நின்ற மறைவு ஒன்றே அவ்வீட்டை இரண்டாக்கியது. பின்னர் இருவரும் என் அறையில் அமர்ந்து, வீட்டின் கடன்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, அந்தப் பெண்ணே ஒரு தாளில் எழுதினாள். அவள் அவ்வாண்டுத் தேர்வையும் எழுதினாள். சங்கிலியை மீட்பதற்கு மூன்று ஆண்டுகள் ஆயின என்று பின்னாளில் கேள்விப்பட்டேன்.

"குடும்பத்துக்குள் எழுதி வைப்பதா? அது நம்பிக்கையின்மை ஆகாதா?" என்று சிலர் கூறுவர். அவர்களுக்கு நான் மொய் நோட்டை நினைவூட்டுவேன். திருமணமானாலும் காதணி விழாவானாலும், பந்தலின் வாயிலில் இருவர் அமர்ந்து, இன்ன ஊர், இன்னார், இவ்வளவு தொகை என்று எழுதுகின்றனர். தாய்மாமன் தருவதும் எழுதப்படுகிறது. அடுத்த வீட்டுக்காரர் தருவதும் எழுதப்படுகிறது. "என்னை நம்பாமல் எழுதுகிறாயா?" என்று ஒருவரும் சினப்பதில்லை. எழுதாமல் விட்டால்தான் சினம் வரும்! புதுக்கோட்டை, தஞ்சைப் பக்கங்களில் மொய் விருந்து என்றே தனியாக நடத்தி, வந்ததைத் திருப்பிச் செய்வதற்கு ஆண்டுக்கணக்காக அந்த நோட்டுகளைக் காத்து வருகின்றனர். உறவினரிடையே இவ்வளவு செம்மையாகக் கணக்கு எழுதத் தெரிந்த நாம், நம் வீட்டுக்குள் எழுதுவதற்கு மட்டும் நாணுவது ஏன்?

இனி, கணக்கு எழுதினால் என்ன தெரியும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். ஒரு சிறு நகரத்திலே ஐவர் கொண்ட குடும்பம். மாத வருவாய் 30,000 ரூபாய் என்று கொள்வோம். வீட்டு வாடகை 8,000, மளிகை, பால், காய்கறி 11,000, பேருந்தும் பெட்ரோலும் 3,000, மின்சாரம், எரிவாயு, கைப்பேசி 2,500, மருந்து 1,000, வண்டிக்கடன் தவணை 3,000. கூட்டினால் 28,500. மாதந்தோறும் 1,500 ரூபாய் மிஞ்சுகிறது. "வரவுக்குள் தானே வாழ்கிறோம்" என்று அக்குடும்பத்தார் நம்புகின்றனர்.

ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவுகள் உள்ளனவே! ஜூன் மாதத்தில் பள்ளிக் கட்டணமும் புத்தகமும் 12,000. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் 12,000. மொய்யும் சீரும் 12,000. ஆக 36,000. இதனைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 3,000. மிஞ்சுவதோ 1,500. எனவே மாதந்தோறும் 1,500 ரூபாய் பற்றாக்குறை, ஆண்டுக்கு 18,000. ஜூன் மாதத்தில் நகை அடகுக்குப் போவதும், ஐப்பசியில் கைமாற்று வாங்குவதும் இதனாலேதான்.

கணக்கு இல்லாத வீட்டில் இந்தப் பதினெண்ணாயிரத்துக்கு ஒரு குற்றவாளி தேடப்படுகிறான். "உன் அண்ணன் வீட்டுக்கு வைத்த மொய்யால் வந்தது" என்கிறார் கணவர். "உங்கள் தங்கைக்குச் செய்த சீரால் வந்தது" என்கிறார் மனைவி. உண்மையில் இருவர் மேலும் தவறில்லை. ஆண்டுச் செலவை மாதச் செலவோடு சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவே. தாளிலே எழுதிப் பார்த்த அன்றே வழக்கு ஒழிகிறது. என்ன செய்யலாம் என்னும் ஆலோசனை தொடங்குகிறது. எதனைக் குறைப்பது, எதனைத் தள்ளிவைப்பது என்று கூடிப் பேசி முடிவு செய்யலாம். மீதத்தை மாதந்தோறும் வங்கியில் ஓராண்டுத் தொடர் வைப்பாகப் போட்டு வரலாம். அருகில் வங்கி இல்லையெனில் அஞ்சல் அலுவலகச் சேமிப்பு வங்கி உண்டு. அது நம் நாட்டில் 1882-ஆம் ஆண்டு முதல் இருந்து வருகிறது.

அடுத்து, கடனைப் பற்றிச் சில சொற்கள். கடன் வாங்கவே கூடாது என்று நான் கூறமாட்டேன். வாங்கும் முன் வட்டியை ஆண்டுக் கணக்கிலே பார்க்க வேண்டும் என்பேன். "மூன்று வட்டிதான்" என்று கடன் கொடுப்பவர் எளிதாகச் சொல்வார். மாதம் நூற்றுக்கு மூன்று என்றால் ஆண்டுக்கு நூற்றுக்கு முப்பத்தாறு. 50,000 ரூபாய் வாங்கினால் ஆண்டு வட்டி 18,000. மூன்று ஆண்டுகளில் கட்டும் வட்டி முதலைவிட மிகுந்துவிடும். முதல் அப்படியே நிற்கும். தண்டல் கடன் இன்னும் கொடியது. 10,000 ரூபாய் என்று எழுதி, 8,500 ரூபாயைக் கையிலே தந்து, நாளொன்றுக்கு நூறாக நூறு நாள் வாங்குவார்கள். "1,500 ரூபாய்தானே" என்று தோன்றும். முதலும் நாள்தோறும் குறைந்து வருவதை எண்ணிக் கணக்கிட்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றுக்கு நூற்றிருபது ஆகிறது. கந்துவட்டி, மீட்டர் வட்டி போன்றவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. கைப்பேசிச் செயலி வழியாகத் தரப்படும் கடன்களிலும், ஆண்டு வட்டி வீதத்தை முன்னதாகவே எழுத்தில் தெரிவிக்க வேண்டுமென ரிசர்வ் வங்கி 2022-இல் விதித்தது. எனினும், சட்டம் உதவிக்கு வருமுன் உங்கள் ஐந்தாம் வகுப்புக் கணக்கு உதவிக்கு வர வேண்டும். தனிவட்டி, கூட்டுவட்டிக் கணக்குகளைத் தேர்வுக்காக மட்டும் நாங்கள் கற்பிக்கவில்லை.

பாகப்பிரிவினையிலும் இந்த நெறியே பொருந்தும். தந்தை மறைந்த பின், "இதில் ஒரு கையெழுத்துப் போடு, அக்கா" என்று விடுதலைப் பத்திரத்தை உடன்பிறந்தாளிடம் நீட்டும் வழக்கம் இன்னும் உள்ளது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாது மறைந்த தந்தையின் சுயசம்பாத்தியச் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு உண்டு. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பிறப்பால் உரிமை வழங்கிய திருத்தம், மணமாகாத மகளிர் அளவில், தமிழ்நாட்டில் 1989-இலேயே வந்தது. 2005-இல் அது நாடு முழுவதற்கும், மணமான மகளிர்க்கும் விரிந்தது. அக்காள் மனமுவந்து விட்டுக்கொடுக்கலாம்; அது அவர் பெருந்தன்மை. ஆனால் விட்டுக்கொடுப்பது இன்னதென்று தெரியாமல் இட்ட கையெழுத்து, பத்து ஆண்டு கழித்து நீதிமன்றத்தின் படியேறும். பெற்றோர் உயிரோடிருக்கும்பொழுதே, எல்லாப் பிள்ளைகளையும் ஒருங்கே அமர்த்திப் பேசி எழுதி வைப்பது நன்று.

இங்கு ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். கணக்குப் புத்தகம் குற்றப்பத்திரிகை ஆகிவிடக் கூடாது. மாலையில் மனைவியை நிறுத்தி வைத்து, "பத்து ரூபாய் எங்கே?" என்று கேட்பவர் கணக்குப் பார்ப்பவர் அல்லர், அதிகாரம் செலுத்துபவர். நம் பாட்டிமார் அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் சிறுவாட்டுப் பணம் சேர்த்தனர். அவசரத்துக்கு எத்தனை வீடுகளை அந்தப் பணம் காத்திருக்கிறது! ஆகவே வீட்டில் ஒவ்வொருவருக்கும், அது நூறு ரூபாயாயினும், கணக்குக் கேட்கப்படாத ஒரு சிறு தொகை இருக்கட்டும். பெரிய செலவும் கடனும் பொதுவில் இருக்கட்டும். இந்த இரண்டுக்கும் எல்லை எதுவென்பதை வீட்டாரே கூடி வகுத்துக்கொள்ளலாம்.

மாணவர்களாகிய நீங்கள் இதில் என்ன செய்யலாம்? மூன்று செயல்களைச் சொல்கிறேன்.

முதலாவது, நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, பெற்றோரிடம் இசைவு பெற்று, ஒரு மாதம் வீட்டுக் கணக்கை நீங்கள் எழுதுங்கள். கைப்பேசி வழியே செலுத்தும் பணம் கையிலிருந்து போவது தெரியாமல் போகிறது. ஆனால் அதற்குப் பதிவு இருக்கிறது. அதனைப் பார்த்து எழுதலாம். மாத முடிவில், இரவு உணவுக்குப் பின் எல்லோரும் கேட்கப் படியுங்கள். யாரையும் குறை கூறாதீர்கள், படிப்பதோடு நிறுத்துங்கள். எண்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொள்ளும்.

இரண்டாவது, தாய் தந்தையரிடையே பணத்தால் பிணக்கு வரும்பொழுது, ஒருவர் சொல்லை மற்றவரிடம் சுமந்து செல்லும் தூதராகாதீர்கள். "அப்பாவிடம் போய்ச் சொல்" என்றால், "நீங்களே சொல்லுங்கள், அம்மா, நான் உடனிருக்கிறேன்" என்று பணிவுடன் கூறுங்கள். சுமந்து செல்லும் சொல் வழியிலே கூர்மை ஏறிவிடும்.

மூன்றாவது, நாளை நீங்கள் சம்பளம் வாங்கும்பொழுது, உங்கள் வருவாய் இவ்வளவு, வீட்டுக்குத் தருவது இவ்வளவு, எனக்கென வைத்துக்கொள்வது இவ்வளவு என்று முதல் மாதமே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். குறைவாகக் கொடுத்த பிள்ளையைப் பெற்றோர் பொறுத்துக்கொள்வர். சம்பள உயர்வை மறைத்த பிள்ளையை நினைத்து அவர்கள் உள்ளம் நோகும். திருமணமான பின்பும் அவ்வாறே. பெற்றோருக்கு மாதம் எவ்வளவு அனுப்புவது என்பதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து முடிவு செய்து அனுப்புங்கள். இரு பக்கத்துப் பெற்றோருக்கும் அந்நீதி பொதுவாக இருக்கட்டும். முதுமையில் பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமை என்று 2007-ஆம் ஆண்டில் ஒரு சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. உங்கள் பெற்றோர் அந்தச் சட்டத்தின் பெயரைக்கூட அறிய வேண்டாத வகையில் நடந்துகொள்ளுங்கள்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். அளந்தது இவ்வளவு என்பதை வீட்டாரும் அறியும்படி செய்யுங்கள் என்று மட்டும் நான் சேர்த்துச் சொல்கிறேன். வருகிற முதல் தேதி அந்த நோட்டின் முதல் பக்கத்தில் தேதியிட்டு, வரவைப் பெற்றோரிடம் கேட்டு எழுதுங்கள். கேட்கும்பொழுது அவர்கள் சற்றுத் தயங்கக்கூடும். பொறுமையாக இருங்கள். அவர்கள் தொகையைச் சொல்லும் அந்த நேரத்திலேயே, வீட்டுச் சுமையில் உங்களுக்கும் ஒரு பங்கு வந்து சேர்கிறது. அதனை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளுங்கள்.