பேர் இல்லாத மாத்திரை



கூலி உயர்வு பற்றிப் பேசத்தான் குறிப்பு எழுதிக்கொண்டு வந்தேன். அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். போன வாரம் இங்கே ஒரு பனியன் கம்பெனியில், நம் பெண் ஒருத்தி பவர்டேபிளிலேயே சரிந்து விழுந்தாள். அவளுக்கு அது மாதவிடாயின் முதல் நாள். காலையிலிருந்து இடுப்பு கழன்று போகிற வலி. அரை நாள் லீவு கேட்டிருக்கிறாள். சூப்பர்வைசர் டிராயரைத் திறந்தார். கத்தரித்த அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கிக் கையில் வைத்தார். "போட்டுட்டுப் போய் உட்காரு, ஷிப்மென்ட் நிக்குது" என்றார். என்ன மாத்திரை? அவளுக்குத் தெரியாது. கொடுத்தவருக்கும் தெரியாது. காலையில் சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. விழுந்தவளைத் தூக்கி ஓரமாக உட்காரவைத்துவிட்டு, அந்த மெஷினில் வேறு ஆளை உட்காரவைத்தார்கள். லைன் நிற்கவில்லை!

இது புதுக்கதை இல்லை. 2019-ல் ஒரு செய்தி நிறுவனம், தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் இருக்கும் சுமார் 100 பெண்களிடம் பேசி எழுதியது. வலிக்கிறது என்றால் மாத்திரை. அட்டையில் பேரும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. ஊரெல்லாம் படித்தது, அரசாங்கமும் படித்தது. டிராயர் மட்டும் மூடவில்லை.

மருந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கருப்பை தன் உட்சுவரை உதிர்க்கும்போது புரோஸ்டாகிளான்டின் என்ற பொருள் சுரக்கிறது. அது தசையை இறுக்கிப் பிசைகிறது, அதுதான் வலி. இபுப்ரோஃபென் போன்ற மருந்து அந்தச் சுரப்பைக் குறைக்கும். டாக்டர் பார்த்துக் கொடுத்தால், வயிற்றில் சோறு இருந்தால், நல்ல மருந்து. வெறும் வயிற்றில் மாதாமாதம் விழுங்கினால் குடலில் புண்தான் மிஞ்சும். டாக்டருக்குப் படித்தவர் யார், சூப்பர்வைசரா? பேர் இல்லாத மாத்திரையை இவர் மகளுக்கு இவர் கொடுப்பாரா?

முதலாளிகள் சொல்லும் பதில் ஒன்று உண்டு. லீவு கொடுத்தால் பெண்களை வேலைக்கே எடுக்கமாட்டார்களாம். 2024-ல் உச்ச நீதிமன்றமும் இந்த அச்சத்தைச் சொல்லி, கொள்கை வகுக்கும் பொறுப்பை மத்திய அரசிடம் விட்டது. நான் கேட்கிறேன், பெண்களை எடுக்காமல் எந்தப் பனியன் கம்பெனியை ஓட்டப்போகிறீர்கள்? செக்கிங்கில் யார் நிற்பது, மடித்துப் பெட்டியில் வைப்பது யார்? பீகாரில் 1992-லேயே அரசுப் பெண் ஊழியர்களுக்கு மாதம் 2 நாள் கொடுத்தார்கள். எந்த ஆபீசும் பூட்டிக் கிடக்கவில்லை. பக்கத்துக் கர்நாடகத்தில் 2025-ல் தனியார் கம்பெனிக்கும் சேர்த்து மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு என்று முடிவெடுத்துவிட்டார்கள். ஜப்பான் 1947-லேயே சட்டம் போட்டது. நமக்கு மட்டும் பேர் இல்லாத மாத்திரை!

"மாதவிடாய் ஒரு குறைபாடு அல்ல" என்று 2023-ல் ஒன்றிய அமைச்சரே மாநிலங்களவையில் சொன்னார். அம்மா, குறைபாடு என்று நாங்களா சொன்னோம்? மாதவிடாய் நாட்களில் பெண்ணின் மூளை மந்தமாகிவிடுகிறதா என்று பார்த்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி, 2025-ல் மெல்பர்ன் ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். அப்படி ஒன்றும் இல்லை. நினைவும் கவனமும் இருந்தபடியே இருக்கின்றன. வலிப்பது அடிவயிறு. வலிக்கிற நாளில் உட்காரவிடு என்கிறோம், அவ்வளவுதான்.

நம் சங்கத்தில் பாட்டுக் கட்டுகிற அக்காவை எல்லோருக்கும் தெரியும். போன மே தினத்தில் நீங்கள் கைதட்டித் திரும்பப் பாடச் சொன்ன பாட்டு அவர் கட்டியதுதான். எப்போது எழுதுவீர்கள் என்று கேட்டேன். "மொதல் ரெண்டு நாளு ஒண்ணும் ஓடாது கண்ணு. சுருண்டு படுத்தாப் போதும்னு இருக்கும். வலி விட்டதும் பாரு, சட்டி கழுவறப்பக்கூட வரி வரியா வரும்" என்றார். எல்லாப் பெண்ணுக்கும் இப்படித்தான் என்று நான் சொல்லவரவில்லை. சிலருக்கு வலியே தெரியாது, சிலருக்கு நாலு நாளும் நரகம். ஆனால் படுக்கிற நாளையும் பாடுகிற நாளையும் அவரவர் உடம்புதான் சொல்லும். டார்கெட் போர்டு சொல்லாது. அமாவாசைக்கு ஏர் பூட்டக் கூடாது என்று மாட்டுக்கே மாதம் ஒரு நாள் லீவு கொடுத்த ஊர் இது. இந்த முதலாளிகளும் அந்த விவசாயிகள் வீட்டுப் பிள்ளைகள்தான்!

இன்னொரு கூட்டம் கிளம்புகிறது. அந்தக் காலத்திலேயே ஓரமாக உட்காரவைத்து ஓய்வு கொடுத்தோமே என்கிறார்கள். தனித் தட்டு, தனிப் பாய், கொட்டகை ஓரம், இதுவா ஓய்வு? அதுகூட வசதியுள்ள வீட்டில்தான். நாற்று நட்ட கூலிக்காரப் பெண், ரத்தம் வழிய வழியச் சேற்றில்தான் நின்றாள். 2025-ல் கோவை மாவட்டத்தில் எட்டாம் வகுப்புச் சிறுமியைப் பரீட்சை எழுதப் படிக்கட்டில் உட்காரவைத்தார்களே, அதுவும் ஓய்வா? ஒதுக்கிவைக்கிறவனுக்கும் மாத்திரை கொடுக்கிறவனுக்கும் அவள் உடம்பு ஒரு தொந்தரவு. இரண்டு பேரும் ஒரே ஆள்தான்!

இதை இப்படியே விட்டால் எங்கே போய் நிற்கும் தெரியுமா? மகாராஷ்டிரத்தில் பீட் மாவட்டம். கரும்பு வெட்டப் போகிற பெண், ஒரு நாள் வராவிட்டால் மேஸ்திரிக்கு அபராதம் கட்ட வேண்டும். 2019-ல் அரசே கணக்கெடுத்தது. 13,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கருப்பை இல்லை. அறுத்து எடுத்தாயிற்று! மாதவிடாய் வந்தால்தானே லீவு கேட்பாய் என்று அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். வயிறு எரிகிறது தோழர்களே.

லீவு கொடுத்தாலும் ஆதாரம் கேட்பார்கள். அரியானாவில் ரோத்தக்கில் ஒரு பல்கலைக்கழகத்துத் துப்புரவுப் பெண்களிடம் போட்டோ எடுத்துக் காட்டச் சொன்னதாகப் போலீஸ் வரை போனது. அதனால் நம் மனுவில் முதல் கோரிக்கையே, எந்த ஆதாரமும் கேட்கக் கூடாது என்பதுதான். இரண்டாவது, மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு. மூன்றாவது, கம்பெனிக்குள் மருந்து கொடுப்பது நர்ஸ் அல்லது டாக்டர் மட்டுமே, பேரும் தேதியும் உள்ள அட்டையோடு. திங்கட்கிழமை காலை 10 மணிக்குத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுக்கிறோம். நைட் ஷிப்ட் முடிந்தவர்கள் நேரே வாருங்கள், டீக்கும் வண்டிக்கும் சங்கம் ஏற்பாடு செய்திருக்கிறது. டிராயரிலிருந்து வந்த மாத்திரை யாரிடம் மிச்சம் இருந்தாலும் விழுங்காமல் கொண்டுவாருங்கள். மனு கொடுத்த கையோடு போய் மருந்து ஆய்வாளர் மேசையில் கொட்டி, இது என்ன என்று கேட்போம். பதில் சொல்லும் வரை எழுந்து வரமாட்டோம்.