வேண்டுதலும் விடுதலும்: டோனாவூர் காட்டும் கிறித்தவ நெறி



இறைவனிடம் ஒன்றை வேண்டாத மனிதர் இலர். நோய் தீர வேண்டும், மகளுக்கு நல்ல இடத்தில் மணம் கூட வேண்டும், மகனுக்கு வேலை கிட்ட வேண்டும் என்று வேண்டாத இல்லம் எந்தச் சமயத்திலும் இல்லை. வேண்டுதல் குற்றமன்று. ஆனால் நாள் செல்லச் செல்ல வேண்டுதல் எதிர்பார்ப்பாகிறது. எதிர்பார்ப்பு உரிமைக் கோரிக்கையாகிறது. "இத்தனை நாள் உபவாசம் இருந்தும் பலன் இல்லையே" என்று குமுறும்போது, பக்தி பேரமாகிவிடுகிறது. கேட்டது கிடைக்காத நாளில் நம்பிக்கையே ஆட்டம் காண்கிறது. அத்தகைய நாளில் ஒரு கிறித்தவ உள்ளம் எதை விட வேண்டும், எதை விடலாகாது என்பதே இவ்வுரையின் பொருள்.

மும்முறை வேண்டியவர்கள்

எதிர்பார்ப்பை விடுதல் என்றதும், ஆசையே எழாத மரத்த மனநிலை எனப் பலர் கருதுவர். விவிலியம் காட்டும் நிலை அதுவன்று. கெத்செமனே தோட்டத்தில் இயேசு பெருமான் தமக்கு நேரவிருந்த துன்பக் கிண்ணம் அகல வேண்டும் என்று தந்தையிடம் வெளிப்படையாகவே வேண்டினார். ஒருமுறையன்று, மும்முறை வேண்டினார். அதன் பின்னரே தம் விருப்பத்தைத் தந்தையின் விருப்பத்திற்கு உட்படுத்தினார். பவுலடியாரும் தம் உடலில் தைத்த முள் நீங்க மும்முறை மன்றாடினார். முள் நீங்கவில்லை, அதைத் தாங்கும் அருள் போதும் என்னும் விடையே கிடைத்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் வேண்டுதல் முன்னது, விடுதல் பின்னது என்பது நோக்கத்தக்கது. விருப்பத்தை மறைத்துக்கொண்டு, "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்று நாவினால் சொல்வது விடுதலாகாது. கேட்க வேண்டியதைத் தந்தையிடம் பிள்ளை கேட்பதுபோல் கேட்டு, விடையைத் தந்தையிடமே விட்டுவிடுதல்தான் விடுதல்.

பற்றற்ற செயல் என்னும் கருத்து பத்தமடைக்குப் புதிதன்று. 1887ஆம் ஆண்டு இவ்வூரில் பிறந்த சுவாமி சிவானந்தர், மலேயாவில் செழித்திருந்த மருத்துவப் பணியை 1923இல் துறந்து ரிஷிகேசம் சென்றவர். பயன் கருதாத தொண்டை வாழ்நாள் முழுதும் வலியுறுத்தியவர். கிறித்தவ நெறி இக்கருத்தோடு நெருங்கி நிற்பினும் ஓரிடத்தில் தனித்து நிற்கிறது. அங்கே எதிர்பார்ப்பு அழிக்கப்படுவதில்லை. தந்தை என நம்பப்படும் ஒருவரிடம் ஒப்படைக்கப்படுகிறது.

டோனாவூர் அம்மையார்

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. சேரன்மகாதேவி வழியே தெற்கு நோக்கிச் சென்றால் களக்காடு. அதனை அடுத்து மலையடிவாரத்தில் டோனாவூர். அங்கே அரை நூற்றாண்டு வாழ்ந்து மறைந்தவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார்.

1867ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்த அவருடைய குழந்தைப் பருவ நிகழ்ச்சி ஒன்று பலரும் அறிந்தது. தம் பழுப்பு நிறக் கண்கள் நீல நிறமாக மாற வேண்டும் என்று ஓரிரவு வேண்டிக்கொண்டு உறங்கினார். விடிந்ததும் கண்ணாடியில் பார்த்தார், கண்கள் மாறவில்லை. அழுத குழந்தைக்கு, "இல்லை" என்பதும் ஒரு விடையே என்று வீட்டார் எடுத்துரைத்தனர். பிற்காலத்தில் அவர் சேலை உடுத்தி, மேனியில் சாயம் பூசி, இந்நாட்டுப் பெண்ணைப்போல் சென்று குழந்தைகளின் நிலையை அறிந்தபோது அப்பழுப்புக் கண்களே அவருக்குத் துணையாயின. இந்நிகழ்ச்சியை இனிய கதையாகச் சொல்லிக் கடந்துவிடுதல் எளிது. ஆனால் மறுக்கப்பட்ட ஒவ்வொரு வேண்டுதலுக்கும் இவ்வாறு பின்னர் விளக்கம் கிடைப்பதில்லை என்பதை அவருடைய வாழ்க்கையே காட்டுகிறது.

1893இல் ஜப்பானுக்குத் தொண்டாற்றச் சென்றார். உடல்நலம் குன்றியமையால் அங்கு நிலைக்க இயலவில்லை. 1895இல் இந்தியா வந்தார். அதன்பின் தாய்நாட்டிற்குத் திரும்பவே இல்லை. திருநெல்வேலிச் சீமையில் தமிழ் கற்று, பெண்கள் குழுவொன்றுடன் ஊர் ஊராகச் சென்று நற்செய்தி கூறுவதே தம் பணி என்று எண்ணியிருந்தார். 1901இல் கோயிலுக்கு விடப்படவிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். பின்னர் மேலும் குழந்தைகள் வந்தனர். பிள்ளை தாயின் காலைக் கட்டும் என்பது நம்மவர் வழக்கு. ஊர் ஊராய் நடந்த கால்கள் தொட்டிலருகே நின்றன. தாம் வகுத்துக்கொண்ட பணியை விட்டுத் தம்மிடம் வந்த பணியை அவர் ஏற்றார். குழந்தைகள் அவரை "அம்மா" என்று அழைத்தனர்.

இழப்புகளும் தொடர்ந்தன. வழிகாட்டியாய் விளங்கிய தாமஸ் வாக்கர் 1912இல் திடீரென மறைந்தார். கைக்குழந்தைகளைப் பேணுவதில் வலக்கரமாய் இருந்த பொன்னம்மாள் 1915இல் புற்றுநோயால் மறைந்தார். தமக்குப்பின் பொறுப்பேற்பார் என்று நம்பியிருந்த அருளாய் 1939இல் மறைந்தார். இவர்கள் பிழைக்க வேண்டும் என்று எத்துணை உள்ளங்கள் மன்றாடியிருக்கும்! அவ்வேண்டுதல்களுக்கு, நீலக் கண்ணின் கதைக்குக் கிடைத்ததுபோல் பொருத்தமான விளக்கம் ஏதும் கிடைக்கவில்லை.

1931ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள், இன்னும் நன்றாகப் பணியாற்றத் தம்மைத் தகுதியாக்கும் எதையும் செய்தருளுமாறு காலையில் அவர் வேண்டினார் என்பர். அன்று மாலை களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்வையிடச் சென்றபோது, புதிதாகத் தோண்டியிருந்த பள்ளத்தில் விழுந்து கால் முறிந்தது. சில வாரங்களில் எழுந்து நடப்போம் என்றே கருதினார். 1951ஆம் ஆண்டு சனவரி 18ஆம் நாள் உயிர் பிரியும் வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பெரும்பாலும் ஓர் அறையே அவருக்கு உலகமாயிற்று. 1948இல் மீண்டும் ஒருமுறை விழுந்து துன்புற்றார்.

அவ்வறையிலிருந்து பத்துக்கும் மேற்பட்ட நூல்கள் வெளிவந்தன. நோயுற்றோர்க்கு நலமுள்ளோர் சொல்லும் ஆறுதல் எத்துணைப் பயனற்றது என்பதை நோயுற்றவராகவே உணர்ந்து எழுதினார். வலி நீங்கியதாக அவர் பாசாங்கு செய்யவில்லை. நலம் பெறுவோம் என்னும் எதிர்பார்ப்பு உதிர்ந்தது. எழுதும் கை ஓயவில்லை. தம் புதைகுழியின்மேல் கல் நாட்டலாகாது என்றும் கேட்டுக்கொண்டார். அங்கே பறவைகள் நீர் அருந்தும் தொட்டியொன்றே வைக்கப்பட்டது. அதில் "அம்மை" என்னும் ஒரு சொல் மட்டும் பொறிக்கப்பட்டது.

விடலாகாத ஒன்று

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பு. "எதிர்பார்ப்பை விட்டுவிடு" என்னும் அறிவுரை ஏழைக்கும் பெண்ணுக்கும் ஒடுக்கப்பட்டோர்க்குமே மிகுதியாகச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. "கர்த்தருடைய சித்தம்" என்ற தொடரால் வாய் அடைக்கப்பட்ட மருமகள்கள் எத்தனை பேர்! பிறர் செய்த கொடுமைக்கு இறைவன்மேல் பழி சுமத்தும் செயலன்றோ அது?

டோனாவூர் அம்மையாரின் வாழ்வு இவ்வையத்திற்கும் விடை தருகிறது. தம் உடல்நலம், தம் திட்டம், தம் புகழ் ஆகியவற்றின் மேலிருந்த எதிர்பார்ப்பை அவர் விட்டார். குழந்தைகளின் பாதுகாப்பை விடவில்லை. பிள்ளைகளைக் கவர்பவர் என்னும் குற்றச்சாட்டு எழுந்தபோதும் அடைக்கலம் புகுந்தவர்களைக் கைவிடவில்லை. பெண்களைக் கோயிலுக்கு அர்ப்பணிக்கும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நிறைவேறியது. அதற்கு டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் போன்றோர் பல்லாண்டு போராட வேண்டியிருந்தது. இறைவன் சித்தம் என்று அவர்கள் அமைந்திருந்தால் அச்சட்டம் வந்திராது. ஒருவர் தம் எதிர்பார்ப்பை விடலாம்; பிறருக்குரிய நீதியை விட்டுக்கொடுக்க எவருக்கும் உரிமை இல்லை. இவ்வேறுபாட்டை உணராத துறவு கோழைத்தனமாகவே முடியும்.

கவிஞர் கற்க வேண்டியது

இந்நெறியைத் தமிழ்க் காவியமாக்கியவரும் இம்மாவட்டத்தவரே. 1827இல் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. ஜான் பனியனின் பயண நூலைத் தழுவி அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூல்வடிவம் பெற்றது. அப்போது அவருக்கு வயது 67. அடுத்த ஆறு ஆண்டுகளில் மறைந்தார்.

அரசு உனக்கு என்றபோதும் காடு உனக்கு என்றபோதும் முகம் மாறாத இராமனைப் பாடியவர் கம்பர். அக்கம்பரைத் துய்த்து வளர்ந்தவர் கிருஷ்ண பிள்ளை. சரணடைதல் என்னும் வைணவக் கோட்பாடும் அவர் பிறந்த மரபினதே. ஆகவே சிலுவையடியில் பயணியின் சுமை தானே கழன்று விழும் இடத்தைப் பாட அவருக்குத் தமிழில் சொல்லும் உணர்வும் ஆயத்தமாய் இருந்தன எனலாம். அப்பயணி சுமையை வலிந்து எறியவில்லை என்பது கருதத்தக்கது. வரவேண்டிய இடத்திற்கு வந்து நின்றான், சுமை வீழ்ந்தது. வழியோ அதன் பின்னும் நெடியதாகவே இருந்தது. நடப்பதை அவன் நிறுத்தவில்லை.

கவிஞர்க்கும் எதிர்பார்ப்புகள் உண்டு. நூல் அச்சேற வேண்டும், பரிசு கிட்ட வேண்டும், மேடையில் பெயர் சொல்லப்பட வேண்டும் என்ற விருப்பம் இயல்பானதே. பத்தமடையின் பாய் முடைவோர் கோரையை ஆற்றுநீரில் ஊறவைத்து, உலர்த்தி, இழையிழையாய்க் கிழித்து, நாட்கணக்கில் நெய்கின்றனர். அப்பாயில் யார் அமர்வார் என்பது நெய்பவர்க்குத் தெரியாது. அதற்காக ஓர் இழையையும் தளர்த்துவதில்லை. கவிஞரும் கருத்தோடு எழுதலாம். நல்ல வாசகர் வேண்டும் என்று விரும்பவும் செய்யலாம். அவ்வாசகர் எவர், எப்போது வருவார் என்பதை மட்டும் தம் கையில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வேண்டுவதை நேர்மையோடு வேண்டுக. பிறர்க்குரியதை இறுதிவரை காக்க. தமக்குரியதை இறைவன் கையில் விடுக. இம்மூன்றையும் ஒருங்கே கற்றவர்க்கு, விடை "இல்லை" என்று வந்த பிறகும் செய்வதற்கு வேலை இருக்கும். இவ்விலக்கிய வட்டம் அத்தகைய உழைப்பில் மேலும் பல்லாண்டு சிறக்க வாழ்த்துகள்.