எந்த காலிபர்? எத்தனை கெஜம்?

கொலராடோவில் மான் வேட்டைக்குப் போகணும்னா ரைஃபிள் குறைந்தது .24 காலிபர் இருக்கணும், அது சட்டம். நான் 1952-ல் வந்த .308-ஐ விட்டுட்டு, 2007-ல் வந்த 6.5 க்ரீட்மூரை எடுத்தேன். குண்டு ஒல்லியா, நீளமா இருக்கும். காற்று அவ்வளவா தள்ளாது. தோள்ல உதையும் குறைவு.

ஆனா 400 கெஜம் போக அதுக்கும் சுமார் அரை நொடி ஆகும். அதுக்குள்ள மான் ஒரு அடி எடுத்து வெச்சா, நெஞ்சுல பட வேண்டிய குண்டு வயித்துல படும். எங்கேயோ போய்த் துடிச்சுச் சாகும்.

போன சீசன்ல அப்படி 400 கெஜத்துல ஒண்ணு நின்னுச்சு. நல்ல காத்து. நான் சுடலை. கிட்டப் போகப் பார்த்தேன், ஓடிடுச்சு. வெறுங்கையோட வந்தேன், வருத்தமில்லை. என் எல்லை 250 கெஜம். உங்களோடது எவ்வளவு? காலிபர் வாங்குறதுக்கு முன்னாடி அதை முடிவு பண்ணுங்க.